யோபின் சரித்திரத்தைச் சொன்ன சிநேகிதன்



திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் நோக்கிச் செல்லும் சாலையில், தக்கலைக்கு அருகே பத்மநாபபுரம் அரண்மனையும், புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டையும் இருக்கின்றன. தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறுமுன் திருவிதாங்கூர் மன்னர்கள் இங்கிருந்தே ஆண்டனர். 1956-ல் இப்பகுதி தமிழ்நாட்டோடு இணைந்தபோதிலும், அரண்மனையை இன்றும் கேரள அரசே பராமரித்து வருகிறது.

1741-ல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்ம மகாராஜா டச்சுக் கம்பெனியின் படையை முறியடித்தார். அப்போரையொட்டி மன்னர் வசமானவர்களில் ஒருவர் டிலனாய். மன்னர் அவரைத் தம் சேவையில் அமர்த்தினார்; அவரும் திருவிதாங்கூர்ப் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி அளித்து, பிற்காலத்தில் 'வலிய கப்பித்தான்' என்று அழைக்கப்பட்டார். அதே அரசில் அதிகாரியாயிருந்தவர் நட்டாலத்தைச் சேர்ந்த நீலகண்ட பிள்ளை. கால்நடைகளும் பொருளும் நஷ்டமாகி மனங்கலங்கியிருந்த அவருக்கு டிலனாய் யோபின் சரித்திரத்தை எடுத்துரைத்தார் என்பது வழிவழியாய் வரும் செய்தி.

யோபின் புத்தகத்தை நாம் பொறுமையின் புத்தகம் என்கிறோம். அது தவறிப்போன சிநேகத்தின் புத்தகமும் ஆகும். மூன்று நண்பர்கள் தூரத்திலிருந்து வந்து, ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் யோபோடே தரையில் உட்கார்ந்திருந்தார்கள் (யோபு 2:11-13). அவர்கள் செய்த ஊழியங்களிலெல்லாம் சிறந்தது அதுவே! வாய் திறந்தபின்தான் கேடு தொடங்கியது. துன்பம் இருந்தால் அதற்குப் பின்னால் பாவம் இருந்தே தீரும் என்பது எலிப்பாசின் வாதம். 22-ஆம் அதிகாரத்தில் அவன் யோபு செய்யாத பாவங்களையே வரிசையாகச் சுமத்துகிறான். நோயுற்ற விசுவாசியின் கட்டிலருகே நின்று, 'உம்மை நீரே ஆராய்ந்து பாரும்' என்று சொல்லும் நம்மவர்கள் இந்த அதிகாரத்தை நிதானமாய் வாசிப்பது நலம்.

டிலனாய் எலிப்பாசின் ஆசனத்தில் அமரவில்லை. குற்றம் தேடாமல், இழந்துபோன ஒருவனின் கதையைச் சொன்னார். அவரும் சொந்த நாட்டை விட்டு அந்நிய மன்னரிடம் வாழ்ந்தவரே. இன்னொன்றும் செய்தார். நண்பரைத் தம்மோடு கட்டிவைத்துக்கொள்ளாமல், வடக்கன்குளத்திலிருந்த குருவானவர் புத்தாரியிடம் அனுப்பினார். 1745 மே 14-ல் நீலகண்ட பிள்ளை ஞானஸ்நானம் பெற்று, லாசரு என்னும் பெயரின் பொருள்படும் 'தேவசகாயம்' ஆனார். 'என் ஆத்துமாக்கள்' என்று எண்ணிக்கை வைத்திருக்கும் ஊழியருக்கு இது கடினமான பாடம்.

1749-ல் தேவசகாயம் கைதானார். எருமையின்மேல் ஏற்றி ஊர் ஊராய் அவமானப்படுத்தப்பட்டார். 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழியின் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-ல் ரோமன் கத்தோலிக்க சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

ஒரு கேள்வியைத் தாண்டிச் செல்ல மனம் வரவில்லை. எந்தப் படைக்கு டிலனாய் பயிற்சி அளித்தாரோ, அந்த அரசின் வீரரே அவர் நண்பரைச் சுட்டனர். அவர் பதவி நண்பரைக் காப்பாற்றவில்லை; 1777-ல் மரிக்கும்வரை அவர் அந்த அரசின் சேவையிலேயே இருந்தார். மனித சிநேகத்தின் எல்லை அவ்வளவே. அது நம்மை ஒருவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும்; மரணத்துக்குள் கூடவராது. சீஷர்களை ஊழியக்காரரென்று சொல்லாமல் சிநேகிதரென்று அழைத்த கர்த்தரோ, அதே இரவில் அவர்கள் தம்மை விட்டு ஓடுவார்கள் என்பதை அறிந்தே அப்படி அழைத்தார் (யோவான் 15:13-15, 16:32). பின்பு அவர்களுக்காகவே மரித்தார்.

இதனால் மனித நட்பு அற்பமாகிவிடாது. ரோமாபுரியில் பவுலின் விலங்கைக் குறித்து வெட்கப்படாமல், அவரை விசாரித்துத் தேடிக் கண்டுபிடித்தவன் ஒநேசிப்போரு (2 தீமோத்தேயு 1:16-18). அவன் செய்த பிரசங்கம் ஒன்றையும் வேதம் எழுதிவைக்கவில்லை. தேடிவந்ததை மட்டும் எழுதியிருக்கிறது.

நம் சபைகளில் 'சகோதரர்' என்னும் சொல் மலிந்திருக்கிறது, சிநேகிதர் அரிதாயிருக்கின்றனர். மேடையில் நம்மோடு நிற்பவர் பலர். நம் வீட்டுக் கடன் எவ்வளவென்று அறிந்தவர் எத்தனைபேர்? தொலைதூரப் பணித்தளங்களில் மொழியறியாமல் தவிக்கும் மிஷனரிக் குடும்பங்களுக்கு நாம் காணிக்கை அனுப்புகிறோம், ஜெபக்குறிப்பை வாசிக்கிறோம். போய் இரண்டு நாள் தங்கி வந்தவர் சிலரே. பெரிய அப்போஸ்தலனாகிய பவுலே தீமோத்தேயுவிடம் இரண்டு காரியங்களை வெட்கமின்றிக் கேட்டான்: துரோவாவில் விட்டுவந்த மேலங்கியைக் கொண்டுவர வேண்டும், மாரிகாலத்துக்கு முன்னே வந்துசேர வேண்டும்.