டீபக்கர் பழுதைத் துரத்தும் பிள்ளைகளுக்கு

பைதான் பதிப்பை உயர்த்தினீர்கள். நேற்றுவரை நின்ற வரியில் இன்று பிரேக்பாயிண்ட் நிற்கவில்லை. உடனே புகார் எழுத உட்கார வேண்டாம்.

1. பழுதா, சொல்லிச் செய்த மாற்றமா என்று முதலில் பாருங்கள். ஓடும் வரிக்கெல்லாம் ‘லைன்’ நிகழ்வு எழ வேண்டும், ஓடாத வரிக்கு எழக்கூடாது என்று 2021-இல் வந்த 3.10 பதிப்பில் பெப் 626 வகுத்தது. 3.13-இல் பெப் 667 வந்தபின், ஃபங்ஷனுக்குள் லோக்கல்ஸ் கேட்கும்போதெல்லாம் புதிய நகல்தான் கிடைக்கும். இவற்றைப் பழுதென்று புகார் செய்தால் ஒரே வரியில் மூடிவிடுவார்கள். மூடுவதும் நியாயமே.

2. எடிட்டர், அதன் நீட்சிகள், பிடிபி எல்லாவற்றையும் ஒதுக்குங்கள். சிஸ் மாட்யூலின் செட்ட்ரேஸுக்கு ஒரு சிறு ஃபங்ஷனைக் கொடுத்து, வரும் நிகழ்வின் பெயரையும் வரி எண்ணையும் அச்சிடச் சொல்லுங்கள். பத்து வரி போதும். பழைய பதிப்பிலும் புதியதிலும் ஓட்டி ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் கோளாறு மேலே எங்கோ இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: 3.12-இல் (2023) பெப் 669 வழியாக சிஸ்.மானிட்டரிங் வந்தது, 3.14-இல் பிரேக்பாயிண்ட் ஃபங்ஷன் செட்ட்ரேஸ் வழியே போவதில்லை, மானிட்டரிங் வழியே போகிறது. அங்கே செட்ட்ரேஸை மட்டும் சோதித்தால் ஏமாந்துபோவீர்கள்.

3. டிஸ் மாட்யூலில் பைட்கோடைப் பாருங்கள். இடது ஓரத்தில் அந்த வரி எண்ணே இல்லையென்றால் கம்பைலரைச் சந்தேகியுங்கள். எண் இருந்தும் நிகழ்வு எழவில்லையென்றால் இன்டர்பிரெட்டரைச் சந்தேகியுங்கள். பலர் இந்தப் படியைத் தாண்டிப் போய்விட்டு, சம்பந்தமில்லாத கோப்பில் ராத்திரி முழுக்கத் தேடுகிறார்கள்.

4. இனி பைதானின் மூல நிரலில் கிட் பைசெக்ட் ஓட்டி, பழுது தொடங்கிய கமிட்டைத் தேடுங்கள். ஆயிரம் கமிட்டென்றாலும் ஏறக்குறைய பத்துச் சோதனையில் முடிந்துவிடும். பைசெக்ட் ரன்னுக்குக் கொடுக்கும் ஸ்கிரிப்ட் 0 தந்தால் நல்லது. 1 முதல் 127 வரை கெட்டது. 125 மட்டும் ‘இதைத் தாண்டு’. பில்ட் ஆகாத கமிட்டுக்கு 125 தராவிட்டால், குற்றமற்ற கமிட்டின் மேல் பழி விழும். இன்டர்பிரெட்டர் செக்மென்டேஷன் ஃபால்ட்டில் விழுந்தால் ஷெல் 139 தரும். 127-ஐத் தாண்டிய எண்ணைக் கண்டதும் பைசெக்ட் அங்கேயே நின்றுவிடும். உங்கள் பழுதே அந்த விழுகைதான் என்றால் அதை 1 ஆக மாற்றிக் கொடுங்கள். ஒவ்வொரு முறையும் மிச்சம் மீதி இல்லாமல் துடைத்துவிட்டு பில்ட் செய்யுங்கள். நேரம் போகும், போகட்டும்.

5. கமிட் கிடைத்ததும் அதை எழுதியவரைக் குற்றவாளி ஆக்காதீர்கள். பழைய ஓட்டையை அது வெளிச்சத்துக்குக் கொண்டுவந்ததாக மட்டும் இருக்கலாம்.

6. புகாரில் கமிட் எண்ணும் அந்தப் பத்து வரியும் இருக்கட்டும். முடிந்தால் சிபைதானின் செட்ட்ரேஸ் சோதனைக் கோப்பில் சேர்க்க ஒரு டெஸ்ட்டையும் எழுதி அனுப்புங்கள்.