பாத்திரம் ஏற்றால் போதுமா?

ஏழாம் வகுப்பில் நுகர்வோர் பாதுகாப்புப் பாடம். சந்தைக் காட்சி ஒன்றை மாணவர்களை நடிக்க வைத்தேன். கடைக்காரர், வாடிக்கையாளர், அதிகாரி என எல்லோருக்கும் நானே வசனம் எழுதிக் கொடுத்திருந்தேன். பிசிறில்லாமல் நடித்தார்கள். வாடிக்கையாளராக நடித்த மாணவன் மட்டும், “நீங்க எழுதினதைத்தானே சார் சொன்னேன்? எங்க அண்ணன் போன்ல ஆடுற கேம்லகூட நாமதான் முடிவு பண்ணணும்” என்றான்.

அவன் சொன்னது ஆர்.பி.ஜி. என்னும் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டை. போன் விளையாட்டு என்றாலே முகம் சுளிக்கும் ஆள் நான். ஆனாலும் அவன் கேள்வி விடவில்லை. தேடிப் படித்தேன்.

இவ்வகை விளையாட்டுக்குத் தொடக்கம் கணினி அல்ல. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கி வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ மேசையைச் சுற்றி அமர்ந்து பேசி ஆடுவது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். பூட்டிய கதவைக் கண்டால் ஒருவர் உடைக்கலாம், இன்னொருவர் காவலனிடம் நயமாகப் பேசிப் பார்க்கலாம். பகடையை உருட்டி, விழுந்த எண்ணுக்கு ஏற்ப நடத்துபவர் கதையைத் திருப்புவார்.

கணினிக்கு இது வந்தபோது எண்கள் எளிதில் வந்து சேர்ந்தன. வலிமை இத்தனை, லெவல் இத்தனை என்று கணக்கு வைப்பது கணினிக்குச் சுலபம். எதிர்பாராத முடிவுக்குக் கதையை வளைத்துக் கொடுப்பதுதான் கடினம். அதனால் லெவல் ஏறினாலே ஆர்.பி.ஜி. என்று பலர் நினைக்கிறார்கள். கால்பந்து விளையாட்டிலும் வீரரின் திறன் எண் ஏறுகிறதே! பாத்திரமாக இருப்பதும் போதாது. மரியோவாக ஆடுகிறோம், ஆனால் மரியோ எப்படிப்பட்டவன் என்று நாம் தீர்மானிப்பதில்லை.

எனக்கு விடை கிடைத்த இடம் ரிச்சர்ட் கேரியட் 1985இல் வெளியிட்ட ‘அல்டிமா 4’. அதில் வீழ்த்த வேண்டிய பெரிய வில்லன் கிடையாது. நேர்மை, இரக்கம் முதலான எட்டுப் பண்புகளில் தேறி ‘அவதார்’ ஆக வேண்டும் (சொல் நம் பக்கத்துச் சொல்தான்). மூலிகை விற்பவர் பார்வையற்றவர். காசை நாமே எண்ணி வைக்க வேண்டும். குறைத்து வைத்தாலும் பொருள் கிடைத்துவிடும், யாரும் கண்டிப்பதில்லை. ஆனால் உள்ளுக்குள் நம் நேர்மைக் கணக்கு குறைகிறது. வெகுநேரம் கழித்துத்தான் அது நம்மை மறிக்கும்.

கோடை விடுமுறையில் ஆடிப் பார்த்தேன். முதல் தடவை நானும் குறைத்துத்தான் வைத்தேன்.

முடிவு நம்முடையது, விளைவும் நம்மைத் தேடி வரும். இவை இரண்டும் இருந்தால்தான் உண்மையான ஆர்.பி.ஜி. என்பேன். 1986இல் ஜப்பானில் வந்த ‘டிராகன் குவெஸ்ட்’ போன்றவை பெரும்பாலும் வகுத்த கதைவழியிலேயே செல்பவை. அவற்றையும் உலகம் ஆர்.பி.ஜி. என்றே அழைக்கிறது. பெயருக்காக நான் சண்டை போடப் போவதில்லை. வகுப்புக்கு எனக்குத் தேவைப்பட்டது அல்டிமா வகை.

பள்ளி திறந்ததும், இப்போது எட்டாம் வகுப்புக்குப் போய்விட்ட அதே மாணவர்களிடம் அதே சந்தைக் காட்சியைக் கொடுத்தேன். இம்முறை வசனம் இல்லை. ஆளுக்கொரு துண்டுச்சீட்டில் நிலைமை மட்டும். கடைக்காரர் சீட்டில், ‘தராசு 50 கிராம் கூட்டிக் காட்டுகிறது, உனக்கு மட்டும் தெரியும்’. வாடிக்கையாளர் சீட்டில், ‘இந்தக் கடையில் உன் வீட்டுக்குக் கடன் பாக்கி உண்டு’. இன்று எடுக்கும் முடிவின் விளைவை நாளைய வகுப்பில் நடிப்போம் என்று சொல்லிவிட்டேன்.

சத்தம் தாங்கவில்லை. பக்கத்து வகுப்பு ஆசிரியை இரண்டு முறை எட்டிப் பார்த்தார். எடை குறைவது தெரிந்ததும் எல்லோரும் அவனைத்தான் பார்த்தார்கள். போன வருடம் என்னிடம் கேள்வி கேட்டவன், புகார் செய்யும் முறையைப் பிழையில்லாமல் ஒப்பித்தவன். அவன் பையை வாங்கிக்கொண்டு பேசாமல் நகர்ந்தான்.

“ஏன்டா கேக்கல?” என்றேன்.

“கேட்டா அடுத்த மாசம் கடன் குடுக்க மாட்டாரு சார்.”

மணி அடித்துவிட்டது. மறுநாள் வகுப்பை அங்கிருந்துதான் தொடங்கினோம்.