நிரை தவறாத தேடல்

பேராக்கின் ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டுவோர் தமக்குரிய நிரையில் மரம் தவறாமல் சென்றனர். ஒரு மரம் விடுபட்டால் அன்றைய பால் குறையும்.

இன்று அதே மாநிலத்தில், கம்பாரிலும் ஸ்ரீ இஸ்கண்டாரிலும் உள்ள பல்கலைக்கழகங்களில் மாணவர்கள் கணினித் துறை பயில்கின்றனர். மென்பொருள் உருவாக்கத்தை ஆராய விரும்புவோர் முதலில் முந்தைய ஆய்வுகளைத் திரட்டிப் படிக்க வேண்டும். தமக்குச் சாதகமான கட்டுரைகளை மட்டும் பொறுக்கினால் முடிவு பிழையாகும்.

இக்குறையைத் தவிர்க்க, மருத்துவத் துறையின் முறையைத் தழுவி, 2004இல் பார்பரா கிச்சன்ஹாம் மென்பொருள் துறைக்கு முறைசார் மீளாய்வு வழிமுறைகளை வகுத்தார். இதில் ஆய்வுக் கேள்வி, தேடுசொற்கள், கட்டுரைகளைச் சேர்க்கும் நீக்கும் விதிகள் ஆகியவை முன்னரே எழுதப்படும். 'இருவர் சேர்ந்து நிரல் எழுதினால் பிழை குறையுமா?' போன்ற குறிப்பிட்ட கேள்விக்கு இது பொருந்தும்.

தேடுசொற்கள் இன்னும் நிலைபெறாத புதிய துறைக்குப் பனிப்பந்து முறை உதவும். ஒரு கட்டுரையின் மேற்கோள் பட்டியலைப் பின்பற்றி அடுத்ததைக் கண்டறிவதே இம்முறை. அக்கட்டுரையை மேற்கோள் காட்டிய பிற்காலக் கட்டுரைகளும் தேடப்படும். 2014இல் கிளாஸ் வோலின் இதற்கு வழிகாட்டி எழுதினார்.

ஆகவே, கேள்விக்கேற்ப முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எம்முறையாயினும், எக்கட்டுரை ஏன் நீக்கப்பட்டது என்பதை எழுதிவைத்தால்தான் பிறர் அந்த ஆய்வைச் சரிபார்க்க முடியும்.