பத்திலிருந்து ஒன்றுக்கு

ரப்பரைக் கரைக்கவும் பசை செய்யவும் ஆலைகளில் பயன்பட்ட கரைப்பான் பென்சீன். இனிய மணமுடையது, விரைந்து ஆவியாவது. அவ்வாவியை நெடுநாள் சுவாசிப்போரின் எலும்பு மச்சை நலிவுறும். சிலருக்கு இரத்தப் புற்றுநோயும் உண்டாகும்.

அமெரிக்கப் பணியிடங்களில், காற்றின் பத்து இலட்சம் பங்கில் 10 பங்கு பென்சீன் இருக்கலாம் என 1971இல் எல்லை வகுக்கப்பட்டது. எட்டு மணி நேரப் பணியின் சராசரி அளவு அது. ஓஹியோ மாநிலத்தில் ரப்பர்ப் படலம் செய்த தொழிலாளரிடையே இரத்தப் புற்றுநோய் மிகுந்திருந்ததை 1977இல் வெளியான ஆய்வு காட்டியது. மறு ஆண்டு அரசு எல்லையை 1 பங்காகக் குறைத்தது.

எண்ணெய்த் தொழில் அமைப்பினர் வழக்குத் தொடுத்தனர். பழைய எல்லையில் குறிப்பிடத்தக்க இடர் உண்டு என்பதை அரசு நிறுவவில்லை எனக் கூறி, 1980இல் உச்சநீதிமன்றம் புதிய விதியை நீக்கியது. சான்று கேட்பது முறையே. ஆயினும், ஐயம் தீரும்வரை அக்காற்றைச் சுவாசிப்பவர் நீதிபதியுமல்லர், ஆலை உரிமையாளருமல்லர்.

இடரை எண்களால் கணித்துக் காட்டிய பின், 1987இல் அரசு அதே 1 பங்கை மீண்டும் விதித்தது. எந்தப் பதினைந்து நிமிடத்தின் சராசரியும் 5 பங்கைத் தாண்டலாகாது என்றும் வரையறுத்தது. அதுவரை பழைய 10 பங்கே சட்டமாக நீடித்தது.