காப்பகத்தில் பரவும் வயிற்றுப்போக்கு: காரணம் கண்டறியப்படுவது எவ்வாறு?

மழலையர் காப்பகம் ஒன்றில் பல குழந்தைகளுக்கு ஒருங்கே வயிற்றுப்போக்கு உண்டானால், ஆய்வு செய்ய வருவோர் பெற்றோரிடம் முதலில் கேட்பது நோய் தொடங்கிய நாளைத்தான். அந்நாள்களை வரிசைப்படுத்தும்போதே பாதி விடை புலப்பட்டுவிடும். பலரும் ஓரிரு நாள் இடைவெளிக்குள் நோயுற்றிருப்பின், அவர்கள் உண்ட பொது உணவின்மீது ஐயம் எழும். இன்று இருவர், நான்கு நாள் கழித்து மூவர் என நீண்டு செல்லுமாயின், கிருமி கைவழியாகப் பரவுகிறது எனக் கருதலாம். ஷிகெல்லா என்னும் பாக்டீரியா பெரும்பாலும் இவ்வாறே பரவும். நூற்றுக்கும் குறைவான கிருமிகளே ஒரு குழந்தையை நோயுறச் செய்யப் போதுமானவை.

2023 செப்டம்பரில் கனடாவின் கால்கரி நகரில் நிகழ்ந்தது உணவுவழிப் பரவல். ஈ.கோலை ஓ157 என்னும் பாக்டீரியாவால் 400க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் சிறு குழந்தைகள். தொடக்கத்தில் 11 காப்பகங்கள் மூடப்பட்டன. அவை அனைத்தையும் இணைத்தது ஒரு பொதுச் சமையற்கூடம். குழந்தை எந்நாளில் என்ன உண்டது என்று பெற்றோர் அளித்த விடைகள் ஆய்வுக்குப் பெரிதும் உதவின. பின்னர் வீட்டிலுள்ளோர் சிலருக்கும் நோய் தொற்றியது. உணவில் தொடங்கிய நோய் கைவழியாகவும் தொடரக்கூடும் அன்றோ!

இப்பாக்டீரியாவின் நச்சு சில குழந்தைகளின் சிறுநீரகத்தைத் தாக்கும். வயிற்றுப்போக்கு தணிந்துவரும் வேளையிலேயே, ஏறத்தாழ ஒரு வாரத்தில், இத்தீங்கு தலைகாட்டுவதால் பெற்றோர் ஏமாந்துவிடுதல் எளிது. மலத்தில் இரத்தம், சிறுநீர் குறைதல், முகம் வெளிறுதல், மிகுந்த சோர்வு ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்கு வருக. வீட்டில் எஞ்சியுள்ள ஆன்டிபயாட்டிக் மருந்தைத் தாமாகக் கொடுத்தல் ஆகாது, ஈ.கோலை ஓ157 நோயில் அது சிறுநீரகப் பாதிப்பின் வாய்ப்பைக் கூட்டக்கூடும். ஷிகெல்லாவுக்கோ சில வேளைகளில் அம்மருந்தே தேவைப்படும். எக்கிருமி என்பதை மலப் பரிசோதனையே காட்டும். ஆகவே மருந்து தொடங்குமுன் மாதிரி கொடுத்துவிடுதல் நன்று. பேதியை நிறுத்தும் மாத்திரையையும் குழந்தைகளுக்குத் தரலாகாது. ஓ.ஆர்.எஸ். கரைசலைச் சிறிது சிறிதாகப் புகட்டலாம். தாய்ப்பாலை நிறுத்த வேண்டுவதில்லை.

நோய் தொடங்கிய நாள், அதற்கு முந்தைய பத்து நாள்களில் உண்டவை, வீட்டில் வேறெவருக்கேனும் நோய் உண்டா என்பவற்றை ஒரு தாளில் குறித்து வருக. ஈ.கோலை ஓ157 உறுதியானால், பேதி நின்ற பின்னரும், குறைந்தது 24 மணி நேர இடைவெளியில் எடுத்த இரு மலமாதிரிகளிலும் கிருமி இல்லை எனத் தெரிந்த பிறகே குழந்தையைக் காப்பகத்துக்கு அனுப்புதல் வழக்கம்.