வயிற்றுப் புண்ணும் வீட்டுப் பூனையும்

வயிற்றுப் புண் என்று மருத்துவர் சொன்னதும், வீட்டுப் பூனையை விரட்டிவிடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். விரட்டுமுன் விவரத்தை அறிந்துகொள்வோம்.

வயிற்றுப் புண்ணுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. 1982-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷல், ராபின் வாரன் இருவரும் இதை ஆய்வகத்தில் வளர்த்தெடுத்தனர். 2005-இல் நோபல் பரிசு பெற்றனர். இக்கிருமி பெரும்பாலும் சிறுவயதில், குடும்பத்துக்குள்ளேயே மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுகிறது. ஆகவே சோற்றை மென்று பிள்ளைக்கு ஊட்டும் பழக்கம் வேண்டாம்.

பூனை, நாயின் இரைப்பையில் இருப்பவை பெரும்பாலும் இதே குடும்பத்தின் வேறு வகைக் கிருமிகள். அவை மனிதருக்கு வந்ததுண்டு, ஆனால் அபூர்வம்.

அதிகம் கவனிக்க வேண்டியவை குடலில் வாழும் சால்மோனெல்லா, கேம்பிலோபாக்டர் கிருமிகள். குட்டிகள், கோழிகளின் எச்சத்திலிருந்து இவை நம் கை வழியாக வாய்க்குச் சென்று வயிற்றுப்போக்கை உண்டாக்கும்.

1. பிராணியைத் தொட்டபின், கூண்டைச் சுத்தம் செய்தபின் சோப்புப் போட்டு 20 வினாடி கை கழுவுங்கள். குழந்தைகளையும் பழக்குங்கள்.
2. பிராணிக்குத் தனித் தட்டு வையுங்கள்.
3. அதற்கு வயிற்றுப்போக்கு இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.
4. உங்களுக்கு மலம் கறுப்பாகவோ இரத்தம் கலந்தோ போனால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

பூனையை விரட்டினாலும் புண் ஆறாது. மருத்துவர் தரும் மாத்திரைகளை இடையில் நிறுத்தாமல் முடித்தால்தான் ஆறும்.