நிர்வாகப் பாடம்: கடை எரிந்த பிறகும் மிஞ்சுவது



போன தீபாவளிக்கு நானும் நண்பர்கள் நாலு பேரும் பல்கலைக்கழக வளாகத்தில் முறுக்குக் கடை போட்டோம். தேக்காவில் ஒரு பலகாரக் கடையில் 300 பாக்கெட் கடனுக்கு வாங்கினோம். வாங்கிய விலை 3 வெள்ளி, விற்கும் விலை 5 வெள்ளி. "பாக்கெட்டுக்கு 2 வெள்ளி, மொத்தம் 600 வெள்ளி லாபம்"னு கணக்குப் போட்டு, அந்தப் பணத்தை எப்படிச் செலவழிக்கலாம் என்றுகூடப் பேசி முடித்துவிட்டோம்.

விற்றது 120 பாக்கெட்தான். மேசை, அலங்காரம், பைகள் என்று 100 வெள்ளி போனது. கையில் மிஞ்சியது 500. கடைக்காரருக்குத் தர வேண்டியது 900.

இதில் வேடிக்கை என்னன்னா, அதே செமஸ்டரில் நான் நிர்வாகவியலை விருப்பப் பாடமாகப் படித்துக்கொண்டிருந்தேன். தேர்வில் நல்ல மதிப்பெண்! படித்ததற்கும் செய்ததற்கும் நடுவில் எங்கே ஓட்டை விழுந்தது என்று யோசித்ததுதான் இந்தக் கட்டுரை.

நிர்வாகம் என்றால் ஐந்து வேலைகள் என்று முதலில் வகுத்துச் சொன்னவர்களில் ஒருவர் ஆன்ரி ஃபயோல். பொறியியல் மாணவர்களே, கவனியுங்கள்: அவர் நம்ம ஆளு. பிரான்ஸ் நாட்டுச் சுரங்கப் பொறியாளர். நொடித்துப்போகும் நிலையில் இருந்த ஒரு சுரங்க நிறுவனத்தின் தலைமையை 1888-ல் ஏற்று, அதை நிமிர்த்தியவர். அந்த அனுபவத்தை 1916-ல் எழுதி வெளியிட்டார். திட்டமிடல், ஒழுங்கமைத்தல், ஆணையிடல், ஒருங்கிணைத்தல், கட்டுப்படுத்தல் ஆகியவையே அந்த ஐந்து.

இதைப் புரிந்துகொள்ள பிரான்ஸ் வரை போக வேண்டாம். சவுத் பிரிட்ஜ் ரோடு ஸ்ரீ மாரியம்மன் கோயிலுக்கு நாம் எல்லோரும் போயிருக்கிறோம். அந்தக் கோயிலை நிறுவிய நாராயண பிள்ளையின் கதையை எடுத்துக்கொள்வோம். ஃபயோல் எழுதுவதற்கு ஏறக்குறைய நூறு வருஷம் முன்பே இந்த ஊரில் தொழில் செய்தவர் அவர்.

1. திட்டமிடல்

நாராயண பிள்ளை 1819 மே மாதம் ராஃபிள்சுடன் பினாங்கிலிருந்து கப்பலில் வந்தார். கருவூலத்தில் நாணயங்களைச் சரிபார்க்கும் வேலை. அது நீடிக்கவில்லை. வேலை போனதும் அவர் ஊரைப் பார்த்தார். புதிய ஊர், எங்கு பார்த்தாலும் கட்டடம் தேவை. ஆனால் செங்கல்லும் இல்லை, கொத்தனாரும் போதவில்லை. அங்கேதான் அவருடைய தொழில் பிறந்தது.

திட்டம் என்பது நம்மிடம் என்ன இருக்கிறது என்பதில் ஆரம்பிப்பதில்லை, ஊருக்கு என்ன தேவை என்பதில் ஆரம்பிக்கிறது. நாங்களோ, முறுக்கு நமக்குப் பிடிக்கும், அதனால் எல்லோருக்கும் பிடிக்கும் என்று ஆரம்பித்தோம். முதலுக்கு மோசமில்லாமல் தப்பிக்க எத்தனை விற்க வேண்டும் என்றுகூடப் பார்க்கவில்லை. சரக்கு 900, செலவு 100, ஆக 1,000 வெள்ளி. அதை 5-ஆல் வகுத்தால் 200 பாக்கெட். "200 பேர் வாங்குவாங்களா?"ன்னு ஒருத்தராவது கேட்டிருந்தால் 300 பாக்கெட் எடுத்திருக்க மாட்டோம்.

2. ஒழுங்கமைத்தல்

தேவை தெரிந்தால் போதாது. ஆளும் பொருளும் இடமும் சேர வேண்டும். பிள்ளை பினாங்குக்குச் சொல்லி அனுப்பிக் கொத்தனார்களையும் தச்சர்களையும் வரவழைத்தார். தஞ்சோங் பகாரில் செங்கல் சூளை போட்டார். இந்த ஊரின் முதல் இந்தியக் கட்டடக் குத்தகையாளர் என்று அவரைச் சொல்கிறார்கள்.

3, 4. ஆணையிடலும் ஒருங்கிணைத்தலும்

செங்கல் சூளையை யோசித்துப் பாருங்கள். மண் பிசைய வேண்டும், அச்சில் அறுக்க வேண்டும், காய வைக்க வேண்டும், பிறகுதான் சுட முடியும். சரியாகக் காயாத கல்லைச் சூளையில் வைத்தால் வெடித்துவிடும். யார் எதைச் செய்வது என்று சொல்வது ஆணையிடல். ஒருவர் முடிப்பதும் அடுத்தவர் தொடங்குவதும் பொருந்தும்படி பார்ப்பது ஒருங்கிணைத்தல். எங்கள் கடையில் ஐந்து பேரும் முதலாளிகள். மதியம் ஆள் அதிகமாக நடமாடும் நேரத்தில் ஐந்து பேருக்கும் வகுப்பு!

5. கட்டுப்படுத்தல்

இது ஆட்களை அடக்குவது இல்லை. போட்ட திட்டத்தையும் நடப்பதையும் ஒப்பிட்டு, இன்னும் திருத்த நேரம் இருக்கும்போதே திருத்துவது. முதல் நாள் மாலையே விற்பனை மந்தம் என்று தெரிந்தது. அன்றே கடைக்காரரிடம் போய், பிரிக்காத பெட்டிகளைத் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

பிள்ளையும் இந்த இடத்தில் அடி வாங்கினார். கிராஸ் ஸ்திரீட்டில் துணிக்கடை வைத்தார். வியாபாரம் நன்றாகவே நடந்தது. 1822-ல் கடை தீப்பிடித்து எரிந்தது. உள்ளே இருந்த சரக்கு கடனுக்கு வாங்கியது. சரக்கு சாம்பலாகிவிட்டது, கடன் மட்டும் அப்படியே நின்றது. எல்லாச் சரக்கையும் கடனுக்கு எடுத்து ஒரே கூரையின் கீழ் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டாம்.

ஐந்துக்கு அப்புறம்

அவர் ஓடி ஒளியவில்லை. ராஃபிள்சிடம் நேராகப் போய் நிலைமையைச் சொன்னார். இன்றைய ராஃபிள்ஸ் பிளேஸ் இருக்கும் பகுதியில், அன்றைய கமர்ஷியல் ஸ்குவேர் அருகே, அவருக்கு இடம் கிடைத்தது. மறுபடி தொழிலை நிமிர்த்தினார்.

அதே பிடிவாதத்தைக் கோயில் விஷயத்திலும் பார்க்கலாம். முதலில் தெலுக் ஆயரில் கிடைத்த இடத்தில் வழிபாட்டுக்கு நல்ல தண்ணீர் இல்லை. அடுத்து ஸ்டாம்ஃபோர்ட் கால்வாய்ப் பக்கம் கிடைத்த இடம் நகரத் திட்டத்தோடு ஒத்துவரவில்லை. 1823-ல் சவுத் பிரிட்ஜ் ரோடு இடம். 1827-ல் மரமும் அத்தாப்பும் கொண்டு கோயில் எழுந்தது. இடம் மாறியது, நோக்கம் மாறவில்லை. 2019-ல் சிங்கப்பூர் ஆற்றங்கரையில் ராஃபிள்ஸ் சிலைக்கு அருகே வைக்கப்பட்ட நான்கு சிலைகளில் அவருடையதும் ஒன்று.

நான் என்ன செய்தேன் தெரியுமா? 400 வெள்ளி துண்டு விழுந்ததும், வெட்கத்தில் கடைக்காரர் போன் பண்ணியபோது எடுக்கவில்லை. மூன்று நாள் கழித்து, இருந்த 500 வெள்ளியோடு போய் நின்றேன். அவர் எண்ணிக்கூடப் பார்க்காமல் கல்லாவில் போட்டுவிட்டுச் சொன்னார்:

"தம்பி, நஷ்டம் எல்லாருக்கும் வரும். எனக்கும் வந்திருக்கு. மூணு நாளா நீங்க போனை எடுக்கலையே, அதுதான் எனக்குக் கஷ்டமாப் போச்சு."

மீதியை ஆளுக்கு 80 வெள்ளி போட்டு இரண்டு தவணையில் கட்டி முடித்தோம். இரண்டாவது தவணை கொடுத்த அன்று அவர், "அடுத்த வருஷம் கொஞ்சமா எடுங்க, விக்காததைத் திருப்பிக் கொடுங்க" என்றார். மறுபடியும் கடன் தர அவர் தயார்!

தமிழில் காசுக்கும் நாணயம் என்றுதான் பெயர், சொன்ன சொல் தவறாமைக்கும் நாணயம் என்றுதான் பெயர். பிள்ளை இந்த ஊரில் முதலில் சரிபார்த்தது முதல் வகை நாணயம். கடை எரிந்த பிறகு அவரிடம் மிஞ்சியது இரண்டாம் வகை. அந்த ஐந்து வேலைகளும் தொழிலை நடத்த உதவும். தொழில் விழுந்த பிறகு எழுந்து நிற்க நாணயம் வேண்டும்.

செய்து பாருங்கள்

உங்கள் குழு அடுத்து நடத்தப்போகும் விழாவையோ விற்பனையையோ எடுத்துக்கொள்ளுங்கள். இந்த நான்கு கேள்விகளுக்கு ஒரே தாளில் பதில் எழுதுங்கள்.

• இது யாருக்குத் தேவை? எத்தனை பேருக்கு?
• நஷ்டமில்லாமல் தப்பிக்க எவ்வளவு விற்க வேண்டும்?
• எந்த வேலைக்கு யார் பொறுப்பு? அவர் வராவிட்டால் யார்?
• கணக்குத் தவறினால், முதலில் யாரிடம் போய்ச் சொல்லுவோம்? எப்போது?

நாலாவது கேள்விக்குப் பதில் எழுதாமல் கடன் வாங்காதீர்கள். அனுபவத்தில் சொல்கிறேன்.